இன்னிக்கு எத்தனை?

எங்கள் இயக்குநர் அறையில், நாற்காலிக்குப் பின்னால் ஒரு மரப்பலகை மாட்டியிருக்கிறது. மாநில வேளாண்மைத் துறைக்கு இதுவரை இயக்குநராக இருந்தவர்களின் பெயர், வந்த தேதி, போன தேதி எல்லாம் வெள்ளைப் பெயிண்டில் வரிசையாக இருக்கும். பார்க்க வருகிறவர்கள் பெயர்களைப் பார்ப்பார்கள். நான் தேதிகளைத்தான் பார்ப்பேன். எட்டு மாதம், ஐந்து மாதம், எழுபத்தொரு நாள். ஒரு புண்ணியவான் பத்தொன்பது நாள். பணிமூப்புப்படி படிப்படியாக ஏறி இந்த நாற்காலிக்கு வந்து சேர்வதற்குள் ஓய்வு வயது வாசலில் வந்து நின்றுவிடும். மாநிலம் முழுக்க எந்த விதை எங்கே போக வேண்டும், எந்தப் பூச்சிக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல வேண்டிய மனிதர்களில் பாதிப் பேர், ஒரு நெற்பயிர் விதைத்து அறுக்கிற காலம்கூட அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. இப்படிச் சொன்னால் பி.ஏ. அம்மாவுக்கு வாய் நீளம் என்பார்கள். நீளம்தான். பதினொரு இயக்குநர்களுக்கு நேர்முக உதவியாளராக இருந்தவளுக்கு வாயாவது நீளமாக இருக்க வேண்டாமா?

பன்னிரண்டாவதாக வந்தவர்தான் மேடம். பலகையில் ஏறிய முதல் பெண் பெயர். ஓய்வுக்கு நூற்றுப் பதினெட்டு நாள் இருந்தது. அவர் வந்த அன்றே காலண்டரை வைத்து எண்ணிவிட்டேன். எனக்கு அது ஒரு கெட்ட பழக்கம்.

புது இயக்குநர் வருகிற நாளில் பூங்கொத்துகளை வாங்கி வைக்கவே தனியாக ஒரு மேசை போடுவோம். மேடம் ஒரு துணிப்பையோடு வந்தார். உள்ளிருந்து டிபன் பாக்ஸையும் பழைய பூதக்கண்ணாடி ஒன்றையும் எடுத்து மேசைமேல் வைத்தார். பிறகு, நேற்று மழை எவ்வளவு என்று கேட்டார். தினமும் காலை எட்டரைக்கு மாநிலத்தின் நாற்பத்திரண்டு மழைமானிகளிலும் அளவெடுத்து அனுப்புவார்கள். பத்து மணிக்கு அந்தப் பட்டியலை நான் தட்டச்சு செய்து மேசையில் வைத்தாக வேண்டும். மற்றவர்கள் அடியில் இருக்கிற சராசரியை மட்டும் பார்த்துவிட்டுத் தள்ளிவைப்பார்கள். மேடம் பள்ளிக்கூடத்தில் வருகைப்பதிவு எடுக்கிற மாதிரி ஒவ்வொரு ஊராக விரல் வைத்துப் படித்தார். எங்காவது தொடர்ந்து சைபர் என்றிருந்தால் அந்த வரியில் விரல் கொஞ்ச நேரம் நிற்கும்.

இயக்குநர் வேலை என்றால் வெளியில் இருப்பவர்கள் வயல்வரப்பில் நடந்துகொண்டே இருப்பது என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது கோப்புகளின் மேல் நடப்பது. சட்டசபையில் உறுப்பினர் ஒருவர் கேட்ட கேள்விக்கு அமைச்சர் சொல்ல வேண்டிய பதிலை மதியத்துக்குள் எழுத வேண்டும். ஒரு மாவட்டத்தில் உரம் இல்லை, பக்கத்து மாவட்டத்தில் கிடங்கு நிரம்பி வழிகிறது என்றால் லாரிக்கு ஆளைப் பிடிக்க வேண்டும். மழை பெய்தால் அது அரசின் சாதனை, பெய்யாவிட்டால் இயக்குநர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேள்வி வரும். இவ்வளவுக்கும் நடுவில் இடமாறுதல் மனுக்கள். அவற்றுக்கென்றே என் அலமாரியில் இரண்டு தட்டு இருக்கிறது.

ஐந்து நாற்பது ஆனால் மேடம் கைபேசியை எடுப்பார். அவர் அறைக்கும் என் அறைக்கும் நடுவில் உள்ள கதவுக்குத் தாழ்ப்பாள் விழாது. நான்கு வருஷமாகப் பழுதுபார்க்க வருகிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதனால் ஒரு சாண் திறந்தேதான் இருக்கும். ஒட்டுக்கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. காதை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வர முடியாது, அவ்வளவுதான்.

"இன்னிக்கு எத்தனை?" என்பார். அந்தப் பக்கம் ஏதோ சொல்வார்கள். "தொண்ணூத்தி ஒண்ணா? பரவாயில்லையே. சரி, சாப்பிடுங்க." ஒரு நிமிஷம்கூட ஆகாது. வைத்துவிட்டு, கைபேசியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்.

மறுநாள் எண்பத்தி நாலு. அடுத்த நாள் தொண்ணூற்றாறு. வீட்டில் யாருக்கோ சர்க்கரை என்று நான் முடிவு செய்துவிட்டேன். என் வீட்டுக்காரருக்கும் இருந்தது. அவர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. ஒரு நாள் மேடம், "அறுபத்திரண்டா?" என்று கேட்டுவிட்டு முகம் வாடி உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. உள்ளே போய், அறுபத்திரண்டுக்கெல்லாம் இறங்கினால் ஆபத்து, சட்டைப் பையில் எப்போதும் ஏதாவது இனிப்பு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று புத்தி சொன்னேன். மேடம் முதலில் விழித்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்கிற அளவுக்குச் சிரிப்பு. சிரித்து முடித்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார். பதினொரு இயக்குநர்களில் ஒருத்தரும் என்னை அந்த அறையில் உட்காரச் சொன்னதில்லை.

அது சர்க்கரை இல்லை, விதை. மேடத்தின் கணவரும் எங்கள் துறைதான், மேடத்தைவிட மூன்று நாலு வயது சின்னவர். பேருந்தில் ஏழு மணி நேரம் போகிற தூரத்தில் ஒரு சின்ன ஊரில் விதைப் பரிசோதனை ஆய்வகத்தில் ஆய்வாளர். விற்பனைக்கு வருகிற ஒவ்வொரு குவியலிலிருந்தும் நானூறு விதையை எடுத்து, நூறு நூறாக ஈரக் காகிதத்தில் அடுக்கிச் சுருட்டி வைப்பார்கள். நெல் என்றால் ஐந்தாம் நாள் ஒரு முறை, பதினாலாம் நாள் ஒரு முறை பிரித்து எத்தனை முளைத்திருக்கிறது என்று எண்ண வேண்டும். நூற்றுக்கு எண்பது முளைக்காவிட்டால் அந்தக் குவியல் சந்தைக்குப் போகக்கூடாது. எண்ணுகிற நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும் எண்ணித்தான் ஆக வேண்டும். விதைக்கு லீவு தெரியாது. தினமும் ஏதாவது ஒரு குவியலுக்கு எண்ணுகிற நாளாக இருக்கும். அந்த ஆய்வகத்தில் இரண்டு ஆய்வாளர் பணியிடம். ஒன்று பல வருஷமாகக் காலி. மீதி இருக்கிற ஒருத்தர் மேடத்தின் வீட்டுக்காரர்.

"அவரால வர முடியாது. என்னால போக முடியாது. அதான் எத்தனைன்னு கேக்கறேன். எப்படி இருக்கீங்கன்னு கேட்டா நல்லா இருக்கேன்னு சொல்லிட்டு வச்சிடுவாரு. எண்ணிக்கைன்னா குரல் கொஞ்சம் நீளும்" என்றார் மேடம்.

எண்ணுவதே தொழில் என்பதால், கல்யாணமான முப்பத்தொரு வருஷத்தில் இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் இருந்த நாட்களையும் கணவர் ஒரு முறை எண்ணிவிட்டாராம். ஆயிரத்து இருநூற்று முப்பத்தாறு. மூன்றரை வருஷம்கூடத் தேறாது. ஒரு மகள். அவள் ஒன்று இரண்டு கற்றதே முளைவிட்ட விதைகளை வைத்துத்தான். இப்போது அவளும் எங்கோ தொலைவில் குடும்பம் நடத்துகிறாள். ஏன் இப்படி ஆனது என்று நான் கேட்டேன். துறையில் எல்லாருக்கும் ஆகிறதுதான் என்று சொல்லி மேடம் கோப்பைத் திறந்துகொண்டார்.

ஏன் ஆனது என்பதை நானே ஒரு மாதம் கழித்துக் கண்டுபிடித்தேன்.

ஓய்வுபெறுகிறவர்களின் ஆவணங்களை முன்கூட்டியே தயார் செய்ய வேண்டும். மேடத்தின் பணிப்பதிவேட்டை வரவழைத்துப் பக்கம் பக்கமாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய இடமாறுதல் ஆணை ஒன்று ஒட்டியிருந்தது. "சொந்த விருப்பம். காரணம்: கணவருடன் வசிக்க." அதன் இடது கீழ்மூலையில் தட்டச்சு செய்தவரின் இனிஷியல். என் இனிஷியல்.

பார்த்ததும் அந்த மத்தியானம் அப்படியே கண்முன் வந்தது. அப்போது நான் தட்டச்சுப் பிரிவில் கடைக்குட்டி. கள அலுவலர்களுக்கு ஒரு பிரிவு, ஆய்வக ஊழியர்களுக்கு வேறொரு பிரிவு. இரண்டு பிரிவிலிருந்தும் அன்று ஒவ்வொரு ஆணை என் மேசைக்கு வந்தது. ஒன்றில் ஒரு பெண் அலுவலர், இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்கு. மற்றொன்றில் ஒரு ஆய்வாளர், அந்த ஊரிலிருந்து இந்த ஊருக்கு. ஒன்றில் கணவருடன் வசிக்க, மற்றதில் மனைவியுடன் வசிக்க. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது எனக்குப் பொறி தட்டியது. போய்க் கேட்போமா என்று எழுந்தும் விட்டேன். ஆனால் எங்கள் கண்காணிப்பாளருக்கு மூக்கின் மேல் கோபம். முந்தின வாரம்தான், உங்க வேலை தட்டுறது, படிக்கிறது இல்ல என்று எல்லார் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். போதாக்குறைக்கு ஐந்தே காலுக்கு எனக்குப் பேருந்து. உட்கார்ந்து, இரண்டையும் உறையில் போட்டு ஒட்டினேன்.

அதற்குப் பிறகு நடந்ததை மேடத்திடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கதை கேட்கிற ஆர்வம் என்று அவர் நினைத்திருப்பார். இரண்டு பேருமே மற்றவரிடம் சொல்லாமல்தான் மனுப் போட்டார்களாம். ஆணை கையில் வந்ததும் போய்க் கதவைத் தட்டிச் சந்தோஷப்படுத்தலாம் என்று இரண்டு பேருக்கும் ஒரே யோசனை. ஒரே வெள்ளிக்கிழமை ஆணை கிடைத்தது, அன்றே பொறுப்பை ஒப்படைத்தார்கள். மறுநாள் சாயங்காலம் மேடம் ஆறு வயது மகளோடும் இரண்டு பெட்டிகளோடும் அவர் வீட்டு வாசலில் நின்றார். கதவு பூட்டியிருந்தது. அதே நேரம் மேடத்தின் வீட்டு வாசலில் அவர் நின்றிருந்தார். அங்கேயும் பூட்டு. சொந்த விருப்பத்தில் மாறியவர்கள் மூன்று வருஷத்துக்கு வேறு மனுப் போடக்கூடாது என்பது விதி. மூன்று வருஷம் முடிந்தபோது மேடத்துக்குப் பதவி உயர்வு வந்து இன்னும் தொலைவில் தூக்கிப் போட்டார்கள். அவரைப் பழைய ஆய்வகத்துக்கே திருப்பி அனுப்பினார்கள், ஆனால் அங்கிருந்து எங்கும் விடவில்லை. எண்ணுவதற்கு ஆள் இல்லையே.

ஐந்து நிமிஷ வேலை. நான் எழுந்து நாலு எட்டு நடந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். பணிப்பதிவேட்டை மூடிவிட்டு அன்று முழுக்க எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மேடத்திடம் சொல்லவும் தைரியம் வரவில்லை.

இதற்கிடையில் மேடம் ஒரு காரியம் செய்தார். மாநிலம் முழுக்க விதை ஆய்வகங்களில் பதினான்கு ஆய்வாளர் பணியிடங்கள் காலியாகக் கிடந்தன. எண்ண ஆள் இல்லாமல் விதை தேங்கும், தேங்கினால் பரிசோதிக்காத விதை பின்கதவு வழியாக வயலுக்குப் போகும், முளைக்காது. எல்லா இயக்குநர்களுக்கும் தெரிந்த விஷயம்தான். மேடம் தலைமைச் செயலகத்துக்கு நடையாய் நடந்து பதினான்கையும் நிரப்ப உத்தரவு வாங்கினார். ஆட்களை அனுப்பிய வரிசையில் அவர் கணவரின் ஆய்வகம் பதினான்காவது. வேண்டுமென்றே கடைசியில் வைத்தார். தனக்காகச் செய்துகொண்டாள் என்று ஒருத்தரும் சொல்லிவிடக்கூடாது என்று. பதின்மூன்று பேர் வேலையில் சேர்ந்த பிறகே அந்த ஊருக்கு ஆள் போனது.

அந்தப் பருவத்தில் விதைப் புகார் பாதியாகக் குறைந்தது. தொண்ணூறாவது நாள், தலைமைச் செயலகத்திலிருந்து கடிதம் வந்தது. இயக்குநரின் பணியை இரண்டு ஆண்டுகள் நீட்டிக்க அரசு எண்ணுகிறது, வரும் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் விருப்பம் தெரிவிக்கவும். பலகையில் யாருக்கும் கிடைக்காத இரண்டு ஆண்டு. நான் குதிக்காத குறைதான். எனக்கும் இரண்டு வருஷம்தான் பாக்கி. கடைசிவரை இப்படி ஒருத்தரிடம் வேலை பார்க்கலாம் என்று மனசு கணக்குப் போட்டது.

மேடம் மூன்று நாள் அந்தக் கடிதத்தைத் தொடவில்லை. வெள்ளிக்கிழமை காலை மழைப் பட்டியலைப் படித்து முடித்ததும், விருப்பமில்லை என்று ஒரு பதில் தட்டிக்கொண்டு வரச் சொன்னார். நான் நகரவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே பேசினார்.

"எனக்கு இந்த நாற்காலி ரொம்பப் பிடிச்சிருக்கு. பொய் சொல்லல. காலையில அந்த நாப்பத்திரண்டு ஊரையும் படிக்கிறப்ப, எல்லாம் என் வீட்டு ஆளுங்க மாதிரி இருக்கு. ஆனா சாயங்காலம் ஆனா வீட்டுக்குப் போகணும் போல இருக்கு. எனக்கு ஏழு ரூம் வச்சு வீடு குடுத்திருக்காங்க. நான் ஒண்ணுலதான் இருக்கேன். வாசல்ல ரெண்டு நாற்காலி போட்டிருந்தாங்க. ஒண்ண எடுத்து உள்ள போடச் சொல்லிட்டேன். பார்க்க முடியல."

நீட்டிப்புச் செய்தி அதற்குள் துறை முழுக்கப் பரவியிருந்தது. வேண்டாமென்று எழுதுவதைச் சாரிடம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன். இல்லை, உத்தரவு வந்ததும் நேரில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்றார். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. கடிதத்தைத் தட்டினேன், கையெழுத்து வாங்கினேன், நாலரை மணித் தபாலில் போக வேண்டியது என்று என் மேசையில் தனியாக வைத்தேன்.

பதினொரு மணிக்கு ஒரு பெரியவர் வந்தார். தேய்ந்த செருப்பு, மடிப்புக் கலையாத சட்டை, கையில் பிளாஸ்டிக் பை. பார்வையாளர் சீட்டை நிரப்பிக் கொடுத்துவிட்டு, தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார். அன்று மேடத்துக்கு மூன்று கூட்டம். நான் சீட்டைப் படிக்காமல் கட்டின் அடியில் சொருகினேன். ஒரு மணி நேரம் ஆனது. உரக் கம்பெனிக்காரர் ஒருவர் வந்தார், விட்டேன். வேறு யாரோ வந்தார்கள், விட்டேன். பெரியவர் வாயைத் திறக்கவில்லை. நடுவில் பையை மட்டும் லேசாகத் திறந்து உள்ளே இருந்ததன் மேல் தண்ணீர் பாட்டிலிலிருந்து இரண்டு சொட்டு விட்டார். அது எனக்கு வினோதமாகப் பட்டது. மதியம் ஒன்றரைக்குத்தான் சீட்டுகளை உள்ளே கொண்டுபோனேன். மேடம் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஒன்றில் நின்றுவிட்டார். எந்த ஊர் என்ற இடத்தில் அந்தச் சின்ன ஊர். வந்த நோக்கம் என்ற இடத்தில் ஒரே வார்த்தை: பார்க்க.

"எப்ப வந்தாரு?" என்றார். குரல் வேறு மாதிரி இருந்தது.

பதினொரு மணிக்கு என்று நான் சொல்லத் தொடங்கினேன். அதற்குள் அவரே எழுந்து வந்து கதவைத் திறந்தார். பெரியவரும் எழுந்து நின்றார். அலுவலகம் என்பதால் இரண்டு பேருக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை. "இன்னிக்கு எண்ணுற நாளாச்சே?" என்று மட்டும் மேடம் கேட்டார். "புதுப் பையன் எண்ணுறான். கை சுத்தம்" என்றார் அவர்.

உள்ளே போனதும் அவர் பையிலிருந்து ஒரு ஈரக் காகிதச் சுருளை எடுத்து மேசையில் வைத்தார். முந்தின நாள் எண்ணி முடித்தது. பதிவு செய்தாகிவிட்டது, குப்பையில் போட வேண்டியதுதான். ஆனால் இந்த வருஷத்திலேயே அதிகம் முளைத்த நூறு அதுதான், காட்ட வேண்டும் என்று கொண்டுவந்திருக்கிறார். அமைச்சருக்குப் போக வேண்டிய கோப்புகளைத் தள்ளிவிட்டு மேடம் சுருளைப் பிரித்தார். பச்சை முளைகள் வரிசையாகப் படுத்திருந்தன. மேடம் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார். அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் தேநீர் வைத்துவிட்டுத் திரும்பியபோது அறுபதைத் தாண்டியிருந்தது. ஒரு சாண் கதவு வழியாக, "தொண்ணூத்தெட்டு" என்று இரண்டு குரல் சேர்ந்து கேட்டது.

மூன்று மணிக்கு மேடத்துக்குக் கூட்டம். சார் விடைபெற்றுக்கொண்டு கிளம்பினார். போகும்போது என்னைப் பார்த்து, தொந்தரவு கொடுத்துவிட்டேன் என்றார். யாரிடம் யார் சொல்ல வேண்டியதை யார் சொல்கிறார்கள்.

நான்கு மணிக்குக் கீழே தபால் பிரிவிலிருந்து அன்றைய மனுக்களின் கட்டு மேலே வந்தது. இடமாறுதல் மனுக்களை நான்தான் பிரிப்பேன். மேலாக இருந்ததில் முத்திரை மை இன்னும் காயவில்லை. விதை ஆய்வாளர், அந்தச் சின்ன ஊர். கோரும் இடம்: தலைமையக ஆய்வகம். காரணம்: மனைவியுடன் வசிக்க.

மனைவியிடம் நேரில் கேட்டால் சலுகை ஆகிவிடும் என்று, முறைப்படி தபால் பிரிவில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் மனிதர். ஒன்றரை மணி நேரம் கூடவே இருந்துகொண்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் மேசையின் வலது ஓரத்தில் மேடத்தின் கடிதம், நாலரை மணித் தபாலுக்கு. நாற்காலியை விட்டுவிட்டு மேடம் அந்த ஊருக்குப் போகிறார். அந்த ஊரை விட்டுவிட்டு அவர் இங்கே வருகிறார். சொந்த விருப்பம், மூன்று வருஷம் அசைக்க முடியாது.

இந்த முறை நான் உட்காரவில்லை. இரண்டையும் எடுத்துக்கொண்டு, கூட்டம் நடந்துகொண்டிருந்த அறைக்குள் போய், நாலு அதிகாரிகள் பார்க்கப் பார்க்க மேடத்தின் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மேடம் முதலில் ஒன்றைப் படித்தார், பிறகு மற்றதை. ஐந்து நிமிஷம் என்று எல்லாரையும் வெளியே அனுப்பினார்.

"மேடம், இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடியும் இந்த மாதிரி ரெண்டு பேப்பர் என் கைக்கு வந்துச்சு. இப்படித்தான் பக்கத்துல வச்சுப் பார்த்தேன். பார்த்தும் வாயத் தொறக்கல. அன்னிக்கு ரெண்டு ஆர்டரும் அடிச்சது நான்தான்."

மேடம் காகிதங்களிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும். மூலையில உங்க இனிஷியல் இருக்கு. வந்த முதல் நாள் மழைப் பட்டியல்லயே பார்த்துட்டேன்."

"ஏன் மேடம் ஒரு வார்த்தை கேக்கல?"

"உங்களக் கேட்டு என்ன பண்ண? மனுப் போட்டது நாங்க ரெண்டு பேரும். ஒருத்தருக்கொருத்தர் சொல்லாம." கடிதத்தின் ஓரத்தை நீவிவிட்டார். "இன்னிக்கும் பாருங்க."

சார் கிளம்பிவிட்டாரா என்று மேடம் கேட்டார். எனக்கு அவர் சுபாவம் அந்த ஒரு நாளிலேயே புரிந்திருந்தது. ஒப்புகைச் சீட்டில் முத்திரை வாங்காமல் அந்த மனிதர் நகர மாட்டார், எங்கள் தபால் பிரிவும் ஒரு மணி நேரத்துக்குக் குறைந்து முத்திரை கொடுக்காது. கீழேதான் இருப்பார் என்றேன்.

இயக்குநர்கள் தபால் பிரிவுக்குப் போனதாகச் சரித்திரம் இல்லை. மேடம் மூன்று மாடி இறங்கிப் போனார். பின்னால் நான். அவர் பெஞ்சில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார். மேடம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். தபால் குமாஸ்தா எழுந்து நின்றவர், உட்காரவே இல்லை.

"நான் அங்க வரேன்னு எழுதிட்டேன்" என்றார் மேடம்.

"நான் இங்க வரேன்னு எழுதிட்டேன்" என்றார் அவர்.

மேடத்தின் தோள் குலுங்கியது, சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் மெதுவாக, நீ இரு, இது யாருக்கும் கிடைக்காதது, எனக்கு எங்கே எண்ணினாலும் விதை விதைதான் என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மேடம் கடைசிவரை கேட்டார்.

"இந்தத் தடவ யாராவது ஒருத்தர் நகராம இருக்கணும். நீங்க இருங்க, நான் வரேன். கதவு பூட்டியிருந்தா இந்த வயசுல என்னால நிக்க முடியாது."

அவர் எழுந்தார். குமாஸ்தாவிடம் மனுவைத் திருப்பித் தரச் சொன்னார். ஒரு முறை எண் போட்டுவிட்டால் திருப்பித் தர விதியில்லை என்று குமாஸ்தா சொல்லிவிட்டு இயக்குநர் முகத்தைப் பார்த்தார். விதி சரிதான் என்றார் மேடம். சார் ஒரு வெள்ளைத் தாள் வாங்கி, என் மனுவைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிக் கொடுத்தார். அதற்கும் ஒப்புகை கேட்டு, முத்திரை குத்துகிறவரை உட்கார்ந்திருந்தார். மேடமும் உட்கார்ந்திருந்தார். மேடத்தின் கடிதம் நாலரை மணித் தபாலில் போனது.

நூற்றுப் பதினெட்டாவது நாளுக்கு மறுநாள் பெயிண்டர் வந்து பலகையில் போன தேதியை எழுதினார். புது இயக்குநருக்கு ஐந்து மாதம் இருக்கிறது. நல்ல மனிதர். மழைப் பட்டியலில் அடியில் இருக்கிற சராசரியைப் பார்ப்பார். தாழ்ப்பாளைச் சரிசெய்துவிட்டார்கள், கதவு இப்போது நன்றாக மூடுகிறது. ஐந்து நாற்பது ஆனால் எனக்குக் கை எதிலும் ஓடாது. கடிகாரத்தைப் பார்க்கக்கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொள்வேன். திரும்பவும் பார்ப்பேன். ஒரு குரலைக் கேட்டுப் பழகிவிட்டால் காது சும்மா இருப்பதில்லை.

மேடம் போன இருபதாம் நாள், அதே ஐந்து நாற்பதுக்கு என் மேசைத் தொலைபேசி அடித்தது. எடுத்தேன்.

"இன்னிக்கு எத்தனை?" என்றார்.

எப்படி இருக்கீங்க மேடம் என்று கேட்டேன். நல்லா இருக்கேன் என்றார். ஆய்வகத்துக்கு வந்து ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாராம், அவரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவதற்காக. பின்னால் ஒரு குரல் மெதுவாக எண்ணுவது கேட்டது. எழுபத்தொண்ணு. எழுபத்திரண்டு. இத்தனை வருஷம் எதற்கு ஏங்கினாரோ அது ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கிறது. இவரானால் இங்கே கூப்பிட்டு மழையைக் கேட்கிறார்.

சராசரியைச் சொல்லட்டுமா என்றேன்.

"ஒவ்வொரு ஊரா படிங்க" என்றார்.

காலைப் பட்டியலை எடுத்து, விரல் வைத்து, முதல் ஊரிலிருந்து படிக்கத் தொடங்கினேன். நாற்பத்திரண்டு ஊர். ஐந்தே முக்காலுக்கு எனக்குப் பேருந்து. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.